ஏறும் காற்று, இறங்கும் காற்று

கோலார் தங்கவயலின் ஷாப்டுகளில், அதாவது செங்குத்தான சுரங்க வழிகளில், சிலவற்றின் வழியாகக் காற்று இறங்கியது. வேறு சிலவற்றின் வழியாக ஏறியது. ஆளும் தாதும் போய்வந்த கூண்டைப் பற்றித்தான் அங்கே கதைகள் அதிகம். சினிமாக்காரர்களின் கண்ணிலும் கூண்டுதான் படுகிறது. காற்றுக்குக் கதை சொல்ல ஆளில்லை. ஆனால் ஆழமான சுரங்கங்களில், வெளியே வரும் தாதுவைப் போலப் பல மடங்கு எடையுள்ள காற்றை உள்ளே அனுப்பி வெளியே எடுத்தாக வேண்டும். அது நின்றால் மற்ற எல்லாமே நின்றுவிடும்.

பங்காருப்பேட்டையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்தால் ஊரிகம், சாம்பியன் என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். வடாற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்களின் அடியில் இறங்கி உழைத்தார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கையில் எடுத்த வேலை, அரசுடைமையாகி, பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறி, 2001 பிப்ரவரி 28இல் நிறுத்தப்பட்டது. ஊரிகம் சுரங்கத்துக்குத் தெற்கே சாம்பியன் ரீஃப், வடக்கே நந்திதுர்க்கம். மூன்றும் ஒரே தங்க ரேகையைத் துரத்திக்கொண்டு பூமிக்குள் போனவை. அவற்றில் சாம்பியன் ரீஃப் ஏறக்குறைய 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போய்விட்டது.

அந்த ஆழத்துக்குக் காற்று எப்படிப் போனது, போனது எப்படித் திரும்பி வந்தது என்று கேட்டால் ஒரு பள்ளிக்கூடக் கேள்விக்கு நேராக வந்து நிற்போம்: சில வாயுக்கள் ஏன் லேசாக இருக்கின்றன, ஏன் மேலே போகின்றன? பாடப்புத்தகம் இதை ஒரு வரியில் முடித்துவிடும். ஹைட்ரஜனும் ஹீலியமும் லேசு, மேலே போகும். கரியமிலவாயு கனம், கீழே தங்கும். இந்த வரி பாதிதான் சரி. மீதிப் பாதி தெரியாமல் இன்றும் ஆட்கள் சாகிறார்கள்.

முதலில் எடை. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டி ஒன்றைச் சென்னைக் கடற்கரையில் திறந்து வைத்தால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை சுமார் 1.17 கிலோ. அதே பெட்டியைக் கடல்மட்டத்துக்கு 850 மீட்டர் மேலே உள்ள ஊரிகத்துக்குக் கொண்டுவந்தால் 1.06 கிலோதான் தேறும். தலைக்கு மேல் உள்ள காற்று குறைந்ததால் நெருக்கமும் குறைந்தது. பெட்டியை 3.2 கிலோமீட்டர் கீழே இறக்கினால் கணக்கு தலைகீழாகிறது. அங்கே காற்றழுத்தம் சுரங்க வாயில் இருப்பதைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. சூட்டையும் கழித்துப் பார்த்தால் அதே பெட்டியில் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றே குறைந்த காற்று அடைபட்டிருக்கும். அடியில் வேலை செய்தவர் ஒவ்வொரு மூச்சிலும் மேலே இருந்தவரைவிட அதிகக் காற்றை இழுத்தார். சூடும் ஈரமும் படுத்திய பாட்டில் அதை அவர் உணர்ந்திருக்க வழியில்லை.

சரி, வாயுவுக்கு வாயு எடை ஏன் மாறுகிறது? இதற்குப் பதில் 1811இல் இத்தாலியர் அவோகாட்ரோ சொன்ன ஒரு கருத்தில் இருக்கிறது. ஒரே அழுத்தம், ஒரே வெப்பநிலை இருந்தால், ஒரே அளவு இடத்தில் எந்த வாயுவை நிரப்பினாலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றுதான். நம்புவதற்குக் கடினமான கருத்து. அவர் உயிரோடு இருந்தவரை பலர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. ஐம்பது சீட் உள்ள இரண்டு பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சீட்டுக்கு ஒரு குழந்தை, இன்னொன்றில் சீட்டுக்கு ஒரு பயில்வான். தலை எண்ணினால் இரண்டிலும் ஐம்பது. எடை மேடையில் ஏற்றினால் ஏணி வைத்தாலும் எட்டாது. வாயுவிலும் அப்படித்தான். மூலக்கூறு பெரிதா சிறிதா என்பது இடத்தைப் பாதிப்பதில்லை, ஏனென்றால் வாயுவில் பெரும்பகுதி வெற்றிடம். நம் மூக்கருகே உள்ள காற்றில் ஒரு மூலக்கூறுக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள சராசரி இடைவெளி, மூலக்கூறின் அகலத்தைப் போலச் சுமார் பத்து மடங்கு.

ஆக, ஒரு வாயு கனமா லேசா என்று தெரிய அதன் ஒரு மூலக்கூறின் எடை தெரிந்தால் போதும். ஒப்பீட்டு எடையாகச் சொன்னால் ஹைட்ரஜன் 2, ஹீலியம் 4, மீத்தேன் 16, அம்மோனியா 17, நீராவி 18, நைட்ரஜன் 28, ஆக்சிஜன் 32, கரியமிலவாயு 44. நைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த நம் காற்றின் சராசரி 29. இந்த 29தான் நடுக்கோடு. அதற்குக் கீழே உள்ளவை காற்றைவிட லேசு, மேலே உள்ளவை கனம். கார்பன் மோனாக்சைடு 28இல் நிற்கிறது, கோட்டை உரசிக்கொண்டு. அந்த உரசல் எவ்வளவு பொல்லாதது என்பதைச் சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்.

லேசாக இருந்தால் ஏன் மேலே போக வேண்டும் என்பது தனிக் கேள்வி. லேசான வாயுவுக்கு வானத்தின் மேல் ஆசை ஒன்றும் கிடையாது. பூமி ஹைட்ரஜனையும் கீழேதான் இழுக்கிறது. ஆனால் அதைச் சூழ்ந்துள்ள காற்று எல்லாப் பக்கமிருந்தும் அழுத்துகிறது. அடிப்பக்கத்து அழுத்தம் மேல்பக்கத்து அழுத்தத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நம் ஒரு மீட்டர்ப் பெட்டிக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு? அந்தப் பெட்டி அடைத்துக்கொண்ட காற்றின் எடை எவ்வளவோ அவ்வளவு, சென்னையில் 1.17 கிலோ. பெட்டிக்குள் உள்ளது அதைவிடக் குறைவான எடை என்றால் கீழிருந்து வரும் தள்ளல் ஜெயிக்கிறது. பக்கத்திலுள்ள கனமான காற்று அடியில் புகுந்து லேசானதை மேலே நெம்பிவிடுகிறது என்பதே நடப்பது. நெம்புவதற்குக் காற்று இல்லாத நிலவில் ஹைட்ரஜன் பலூனை விட்டால் அது கல் மாதிரி விழும்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. ஹைட்ரஜனின் எடை ஹீலியத்தில் பாதி. அப்படியானால் இரு மடங்கு பாரம் தூக்க வேண்டாமா? தூக்காது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் சென்னையில் 80 கிராம் சொச்சம், ஹீலியம் 160 கிராம் சொச்சம். வெளியேற்றிய காற்று இரண்டுக்கும் ஒரே 1,170 கிராம். கழித்துப் பார்த்தால் ஹைட்ரஜன் தூக்குவது 1,090 கிராம், ஹீலியம் 1,010 கிராம். இந்த ஏழெட்டுச் சதவீத லாபத்துக்காகத் தீப்பற்றும் வாயுவைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஹீலியம் விலை அதிகம் என்பதால், காஸ்டிக் சோடாவையும் அலுமினியத் துண்டுகளையும் சிலிண்டருக்குள் போட்டு ஹைட்ரஜன் தயாரிக்கும் பலூன்காரர்கள் நம் திருவிழாக்களில் இன்னும் உண்டு. அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் குழந்தையை நிறுத்தாதீர்கள்.

இன்னொரு வேடிக்கை. ரப்பர் பலூன் ஒன்றில் ஹீலியம் நிரப்பி, சாம்பியன் ரீஃப் கூண்டில் ஏற்றி அடிவரை இறக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சூட்டு வித்தியாசத்தை விட்டுவிட்டால், அழுத்தத்தால் பலூன் முன்பிருந்ததில் முக்கால் பங்குக்கும் கீழே சுருங்கியிருக்கும். அங்கே காற்றின் எடை கூடியிருக்கிறதே, தூக்கும் வலுவும் கூடுமா? கூடாது, குறையவும் குறையாது. காற்று எத்தனை மடங்கு நெருங்கியதோ அத்தனை மடங்கு பலூனும் சுருங்கியது, இரண்டும் ஈடாகிவிட்டது. மேலே போகும்போதும் இதே கதைதான், எதிர்த்திசையில். ஹைதராபாத்திலிருந்து டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் விடும் ஆராய்ச்சி பலூன்களில் தரையில் இருக்கும்போது கொஞ்சம் ஹைட்ரஜன்தான் இருக்கும். பெரும்பகுதி பிளாஸ்டிக் தாள் மடிந்து தொங்கிக்கொண்டிருக்கும். பார்க்கிறவருக்கு நிரப்ப மறந்துவிட்டார்களோ என்று தோன்றும். 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் நெருக்கம் தரையில் உள்ளதில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு என்பதால் அந்தக் கொஞ்ச ஹைட்ரஜன் விரிந்து பலூன் முழுவதையும் அடைத்துக்கொள்ளும்.

அதே நிறுவனம்தான் தங்கவயலுக்கும் வந்தது. விண்வெளியிலிருந்து பாயும் காஸ்மிக் கதிர்களை அறிய ஒரு கை பலூனை மேலே அனுப்பியது, மறு கை கருவிகளைச் சுரங்கத்துக்குள் இறக்கியது. 1965இல், சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகளின் தடத்தை உலகில் முதன்முதலில் பதிவு செய்தவர்களில் அவர்களும் அடக்கம். இந்தியாவின் அறிவியல் வரலாற்றில் தங்கவயலுக்கு உரிய இடத்தை யாரும் இன்னும் சரியாகக் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஷாப்டுக்குத் திரும்புவோம். தங்கவயலில் ஏறிய காற்றும் இறங்கிய காற்றும் ஒரே காற்று. ஒரே 29. அப்படியிருக்க ஒன்று ஏன் லேசானது?

சூட்டினால். ஒரு வாயுவைச் சூடாக்கினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி, இடித்து, இடம் பிடிக்கும். அதே இடத்தில் எண்ணிக்கை குறையும். 27 டிகிரிக் காற்றை 100 டிகிரிக்குச் சூடாக்கினால் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். சாம்பியன் ரீஃபின் அடியில் பாறையின் சூடு 65 டிகிரி செல்சியஸை ஒட்டி. கிலோமீட்டருக்கு 12 டிகிரி அளவில்தான் சூடு ஏறுகிறது என்பதால் உலகக் கணக்கில் இது குளிர்ந்த பாறை. இருநூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதான நிலம். இதே ஆழத்தை வேறு பல நாடுகளில் தோண்டியிருந்தால் பாறை இன்னும் கொதித்திருக்கும். ஆனால் 65 டிகிரிப் பாறைக்கு முன்னால் டிரில் பிடித்து நிற்கிறவருக்கு அது ஆறுதல் ஆகாது.

இறங்கும் காற்று பாறையைத் தொடாமலேயே சூடாகிறது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். கீழே போகப் போக அழுத்தம் கூடி, காற்று நெருங்கி, அந்த நெருக்கத்தாலேயே சூடேறுகிறது. ஈரமில்லாத காற்றுக்குக் கிலோமீட்டருக்குப் பத்து டிகிரி சுமார். ஊரிகத்தின் இதமான 25 டிகிரிக் காற்று மூன்று கிலோமீட்டர் இறங்கினால், பாறை ஒன்றும் செய்யாவிட்டால்கூட, 50ஐத் தாண்ட வேண்டும். வழியில் ஷாப்டுச் சுவரின் ஈரத்தை ஆவியாக்கிக் கொஞ்சம் சூட்டை இழப்பதால் அந்த அளவுக்குப் போவதில்லை. மேலே ஏறும்போது இதே காற்று விரிந்து குளிரும். இந்த வரவும் செலவும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். மிச்சம் நிற்பது பாறை கொடுத்த சூடு. அந்த மிச்சம்தான் காற்றை ஓட்டும் முதல்.

எவ்வளவு வலு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் அகலமுள்ள, 3.2 கிலோமீட்டர் உயரமுள்ள காற்றுத்தூண் நான்கு டன் எடை இருக்கும். இறங்கும் தூணைவிட ஏறும் தூண் சராசரியாக 10 டிகிரி அதிகச் சூடு என்று வைத்துக்கொண்டால் எடை வித்தியாசம் மூன்று சதவீதம். நான்கு டன்னில் அது 120 கிலோவுக்கு மேல். இரண்டு தூண்களும் அடியில் சுரங்கப் பாதைகளால் இணைந்திருக்கின்றன. கனமான தூண் இறங்கி, லேசான தூணை மேலே தள்ளுகிறது. யாரும் விசையைப் போடவில்லை, கரி எரிக்கவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். அடியிலுள்ள காற்று கன மீட்டருக்கு ஒன்றரைக் கிலோ, மேலே உள்ளது ஒரு கிலோ சொச்சம். கனமான அடிக்காற்று லேசான மேல்காற்றை நோக்கி ஏறுகிறது! முரண் போலத் தெரியும். இரண்டு தூண்களையும் ஒரே மட்டத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். 500 மீட்டரில் இது எவ்வளவு, அது எவ்வளவு. 2,000 மீட்டரில் இது எவ்வளவு, அது எவ்வளவு என்று. ஒவ்வொரு மட்டத்திலும் ஏறும் தூண் கொஞ்சம் லேசு. போட்டி பக்கத்து வீட்டுக்காரனோடுதான்.

ஆழம் குறைந்த சுரங்கங்களில் இந்த இயற்கை ஓட்டத்தை நம்ப முடியாது. மார்கழியில் ஒரு பக்கம் ஓடும் காற்று சித்திரையில் மறுபக்கம் திரும்பும். நடுவில் சில நாள் அசையாமல் நிற்கும். ஐரோப்பாவின் பழைய நிலக்கரிச் சுரங்கங்களில் ஏறும் ஷாப்டின் அடியில் பெரிய உலை மூட்டி, வேண்டுமென்றே காற்றைச் சூடாக்கி ஏற்றினார்கள். எரிவாயு கசியும் இடத்தில் உலை! பிறகு மின்விசிறிகள் வந்தன. தங்கவயலுக்கு மின்சாரம் 1902இலேயே வந்துவிட்டது, சிவசமுத்திரத்தில் காவிரி விழுவதிலிருந்து, 140 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து. 1930களில் காற்றைக் குளிரவைத்து இறக்கும் ஆலையும் வந்தது. உலகில் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடிய சுரங்கங்களில்தான் அப்படி ஒன்று இருந்தது. குளிரவைத்ததில் இரட்டை லாபம். தொழிலாளிக்கு உடல் சூடு தணியும். குளிர்ந்த காற்று கனம் என்பதால் இறங்குவதற்கு விசிறியின் வேலையும் கொஞ்சம் குறையும்.

ஏறும் காற்றை லேசாக்கிய இன்னொன்று ஈரம். இதைச் சொன்னால் படித்தவர்களே நம்ப மறுப்பார்கள். ஈரக்காற்று கனமானது என்றுதான் நம் உடம்பு சொல்கிறது. ஐப்பசி மாதத்துப் புழுக்கத்தில் காற்று நெஞ்சின் மேல் உட்கார்ந்த மாதிரி இருக்கும். உண்மையில் ஈரக்காற்று லேசு. நீராவி மூலக்கூறு 18. அது காற்றில் கலக்கும்போது தன் பங்குக்கு 28ஐயும் 32ஐயும் வெளியே தள்ளிவிட்டு உட்காருகிறது. அவோகாட்ரோவின் விதிப்படி மொத்த எண்ணிக்கை மாறாது. எனவே எடை குறையும். 40 டிகிரியில் ஈரம் நிரம்பிய சுரங்கக் காற்று, அதே சூட்டில் உலர்ந்த காற்றைவிட ஏறக்குறைய இரண்டு சதவீதம் லேசு. நான்கு டன் தூணில் அது 80 கிலோ. தூசியை அடக்க டிரில் துளையில் விடும் தண்ணீரும், பாறைக் கசிவும், ஆட்களின் வியர்வையும் சேர்ந்து இந்த ஈரத்தைக் கொடுத்தன. ஏறும் வழியில் காற்று விரிந்து குளிர்வதால் அந்த நீராவி மூடுபனியாகும். ஆழமான சுரங்கங்களின் ஏறும் ஷாப்டுகளில் மழை பெய்வது சாதாரணம்.

நாம் விடும் மூச்சுக்கும் இதே நியாயம். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு கரியமிலவாயு, அதாவது கனமான 44. ஆனால் அது 37 டிகிரிச் சூடு, நிறைய ஈரம். மூன்றையும் கூட்டிக் கழித்தால் அறைக் காற்றைவிட லேசு. முகத்துக்கு முன்னால் மேலேதான் போகிறது.

இப்போது அந்த மீதிப் பாதி. கனமான வாயு கீழே தங்கும், லேசானது மேலே மிதக்கும் என்றால் நம் வளிமண்டலம் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்க வேண்டும். எடை 40 உள்ள ஆர்கான் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு பங்கு உண்டு. அது முழங்கால் உயரத்துக்குத் தேங்கி நிற்கிறதா? இல்லை. சுமார் நூறு கிலோமீட்டர் உயரம் வரை நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான் விகிதம் மாறுவதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் நொடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் பாய்ந்து நொடிக்குப் பல கோடி முறை மோதிக்கொண்டிருக்கிறது. போதாததற்குக் காற்று வேறு கலக்கிக்கொண்டே இருக்கிறது. ஒருமுறை கலந்த வாயுக்கள் எடைப்படி மறுபடி பிரியாது. சாம்பியன் ரீஃபின் அடியிலும் புதுக் காற்றில் ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான் இருந்திருக்கும். பாறைகளிலிருந்து கசியும் ரேடான் வாயுவின் எடை 222. அதுவும் கலந்தபின் பிரிந்து விழுவதில்லை. ஹீலியமும் அப்படித்தான். யுரேனியமும் தோரியமும் சிதைவதால் பாறைக்குள் பிறந்து, மேற்கு வங்கத்தின் பக்ரேஸ்வர் வெந்நீர் ஊற்றில் வருவதுபோலக் குமிழியாக வெளியேறி, காற்றில் பத்து லட்சத்தில் ஐந்து பங்காகக் கரைந்துபோகிறது. மிக உயரத்தில் சூடேறி வேகம் பிடிக்கும் அணுக்கள் மட்டும் பூமியை விட்டே ஓடிவிடுகின்றன.

அப்படியானால் கனமான வாயு எப்போது தேங்கும்? ஒரே இடத்தில் நிறைய வெளிப்பட்டு, கலக்கக் காற்றில்லாதபோது. அந்த இடைவேளைதான் ஆபத்து. 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டிப் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டின் எடை 57, காற்றைப் போல இரு மடங்கு. குளிர்கால இரவு, தரைக் காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்து அசையாமல் கிடந்தது. வாயு தரையோடு தவழ்ந்து குடிசைகளுக்குள் புகுந்தது. பகல் வெயிலில் நடந்திருந்தால் சூடான தரைக்காற்று அதை மேலே கிளப்பிக் கொஞ்சமாவது கலைத்திருக்கும்.

சுரங்கத்தில் வெடி வைத்தபின் வரும் புகையில் நைட்ரஜன் டையாக்சைடு உண்டு, எடை 46. அது பழுப்பு நிறம், நெடியடிக்கும், கண்டுபிடித்துவிடலாம். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. எடை 28 என்பதால் மேலேயும் போகாது, கீழேயும் போகாது; காற்று போகும் இடமெல்லாம் கூடவே வரும். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் தப்ப முடியாது. அதனால்தான் வெடி போட்ட இடத்துக்குக் காற்றோட்டம் புகையை அடித்துப்போகும் வரை ஆள் திரும்பக் கூடாது என்று சுரங்கங்களில் கண்டிப்பான விதி. நிலக்கரிச் சுரங்கத்தில் எதிரி வேறு: மீத்தேன், எடை 16, கூரையை ஒட்டித் தேங்கிப் பொறிக்குக் காத்திருக்கும்.

வீட்டுச் சமையலறையிலும் இந்தக் கணக்கு உண்டு. சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி.யில் இருப்பவை புரொப்பேன் 44, பியூட்டேன் 58. கசிந்தால் தரையோடு படரும். வாசற்கதவைத் திறக்க வேண்டும், எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது. இப்போது பல நகரங்களில் குழாயில் வரும் எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். கசிந்தால் உத்தரத்தை ஒட்டித் தேங்கும், மேல் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து குழாய்க்கு மாறியவர்களுக்கு இந்த வித்தியாசத்தைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாகக் கிணறும் கழிவுக்குழியும். பாழுங்கிணற்றின் அடியில் இலைதழை மக்கி ஆக்சிஜனைத் தின்று கரியமிலவாயுவை விடுகிறது. காற்று அலைய இடமில்லை. உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால் தன் கனத்தாலேயே அடியில் கிடக்கும், மேலே வந்து புரளாது. வெயில் நாளில் கிணறு அதிக ஆபத்து என்பதற்கு இதுவே காரணம். கயிற்றில் விளக்கை இறக்கிப் பார்ப்பது, தழைக்கொத்தைக் கட்டி ஏற்றி இறக்கிக் காற்றைக் கலக்குவது என்று நம் கிணறு வெட்டுகிறவர்கள் செய்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் கழிவுக்குழிக்கு அந்த விளக்கைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே மீத்தேன் இருந்தால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால் விளக்கு காட்டிக்கொடுக்காது. அது எடை 34, குழிக்குள் தங்கும், அளவு கூடும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். அழுகிய முட்டை வாடை நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று பொருளில்லை.

2011இல் தங்கவயலிலேயே மலக்குழிக்குள் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் காற்றைக் கொண்டுபோகத் தெரிந்த ஊரில், சில அடி ஆழத்தில். சுரங்கத்துக்குள் எந்த ஆளும் காற்றோட்டத்தைச் சோதிக்காமல் இறங்கக் கூடாது என்று நூறாண்டுக்கு முன்பே விதி செய்ய முடிந்தது, குழிக்கு முடியவில்லை. இதற்கு அறிவியல் போதவில்லை என்று சொல்ல முடியாது.

எனவே இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய யாரையும் உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பில்லாமல் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள். கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் பின்னாலேயே குதிக்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது சாவுகள் அப்படித்தான் நடக்கின்றன. 101க்கு அடித்துத் தீயணைப்புப் படையை வரவழையுங்கள். அவர்கள் வரும்வரை வெளியே நின்று, குழாய் வழியாகவோ ஊதுவிசிறியாலோ நல்ல காற்றை அடிவரை செலுத்துங்கள்.